நிழல் சொல்லும் கணக்கு

ஜீயபுரம் ரயில் நிலையத்து மேடையில் ஒரு மாலை. காவிரிக் காற்று மெல்ல வீசுகிறது. கருக்கல் கவிந்துவிட்டது. தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு வீட்டு வாசலில் விளக்கு எரிகிறது. கரூர்ப் பக்கமிருந்து, நிற்காத கூட்ஸ் வண்டி ஒன்று தடதடவென்று வந்து, அந்த விளக்கை மறைத்துக்கொண்டு ஓடுகிறது. என்னருகே நின்ற பள்ளி மாணவன் ஒருவன் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசிப் பெட்டி கடந்து விளக்கு மறுபடி தெரிந்ததும், "அறுபது செகண்டு!" என்றான்.

"எதற்குத் தம்பி எண்ணுகிறாய்?" என்று கேட்டேன்.

"வண்டி எவ்வளவு நீளம்னு பார்க்கத்தான் ஐயா. செகண்டுக்குப் பத்து மீட்டர் வேகத்துல போச்சு. அறுபது செகண்டு விளக்கை மறைச்சுது. அப்போ வண்டி அறுநூறு மீட்டர்."

"வேகம் உனக்கு எப்படித் தெரியும்?"

"இன்ஜின் அந்தக் கம்பத்துலேருந்து இந்தக் கம்பத்துக்கு வர எத்தனை செகண்டு ஆச்சுன்னு முதல்லயே எண்ணிட்டேன்ல!"

மெச்சினேன். மெச்சியதோடு, அவனிடம் ஒன்று சொன்னேன். "தம்பி, நீ இப்போது செய்தது விளையாட்டல்ல. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோள்களின் உருவத்தை உலகத்து அறிஞர்கள் அளப்பதும் இப்படித்தான். அந்தக் கலையில் நம் தமிழ்நாட்டு மண்ணுக்கும் பங்குண்டு."

அவன் வியந்து பார்த்தான். அந்த வியப்பு அவனோடு நின்றுவிடலாமா? நாட்டோர் அனைவரும் அறிய வேண்டிய செய்தியன்றோ இது! ஆகவேதான் எழுதுகிறேன்.

கோளின் அளவை அறிய மறைப்பும் நிழலும் எதற்கு, தொலைநோக்கியில் பார்த்து அளந்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். தோன்றுவது இயல்பு. ஆனால் எண்ணிப் பாருங்கள். யுரேனஸ் என்ற கோள் நம்மிடமிருந்து ஏறத்தாழ 270 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பூமியைப் போல் நான்கு மடங்கு விட்டமுள்ள பெருங்கோள். எனினும் நம் பார்வைக்கு அது எவ்வளவு? இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள காசு ஒன்றை 1,300 மீட்டருக்கு அப்பால் பிடித்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான். அதையும் தெளிவாகக் காண முடிகிறதா? இல்லை. நமக்கும் அதற்கும் நடுவே காற்று நிற்கிறது. கோடை வெயிலில் தார்ச்சாலையின் மேல் கானல் நெளிவது போல, அந்தக் காற்று வானத்துக் காட்சியை ஓயாமல் நெளியச் செய்கிறது. பூமியிலிருந்து பார்க்கும் தொலைநோக்கியில் அந்த நெளிவால் வரும் மங்கல், யுரேனஸின் தொலைவில் 13,000 கிலோமீட்டருக்குச் சமம்! நம் பூமியையே விழுங்கிவிடும் மங்கலை வைத்துக்கொண்டு எல்லை குறிப்பது எங்ஙனம்?

இங்கேதான் விளக்கும் கூட்ஸ் வண்டியும் உதவிக்கு வருகின்றன. விண்மீன்தான் விளக்கு. கோள்தான் வண்டி. வானத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும் கோள், எப்போதாவது ஒருநாள், தொலைதூரத்து விண்மீன் ஒன்றுக்கும் நமக்கும் நடுவே வந்து நிற்கும். விண்மீன் மறையும். சிறிது நேரத்தில் மறுபுறம் வெளிப்படும். கோளின் வேகம் கணித வல்லார் அறிந்தது. மறைந்த நேரத்தைக் கடிகாரம் சொல்லும். வேகத்தை நேரத்தால் பெருக்கினால் நீளம் கிடைக்கும். ஜீயபுரத்துப் பையன் போட்ட கணக்கேதான்!

இன்னொரு வகையாகவும் சொல்லலாம். விண்மீன் நெடுந்தொலைவில் இருப்பதால் அதன் ஒளிக்கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாகவே வருகின்றன. வீட்டு விளக்கின் முன் கை நீட்டினால் சுவரில் நிழல் பூதாகரமாகும். விண்மீன் ஒளியில் விழும் நிழலோ அப்படி ஊதிப் பெருக்காது. கோள் எவ்வளவோ நிழலும் அவ்வளவு. அந்த நிழல் பூமியின் மேல் ஓடுகிறது. நொடிக்கு 20 கிலோமீட்டர் ஓடும் நிழல், ஓர் ஊரில் 100 நொடி விண்மீனை மறைத்ததென்றால், அவ்வூரைக் கடந்த நிழலின் நீளம் 2,000 கிலோமீட்டர். பத்தில் ஒரு நொடி பிசகினாலும் பிழை 2 கிலோமீட்டர்தான். 13,000 கிலோமீட்டர் மங்கல் எங்கே, 2 கிலோமீட்டர் பிழை எங்கே! மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இத்தகைய மறைப்பை வெறுங்கண்ணாலேயே நாம் காண முடியும். கோளால் அல்ல, திங்களால். முதல் தரத்து ஒளியுடைய விண்மீன்களில் திங்களின் பாதையில் அகப்படுபவை நான்கே: ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. பெயர்கள் நமக்குப் புதியவையா? பிறந்த குழந்தைக்கு நாள் குறிப்பது முதல் கல்யாணப் பொருத்தம் பார்ப்பது வரை வீட்டுக்கு வீடு ஒலிக்கும் பெயர்கள். ஆனால் ரோகிணியில் பிறந்தேன், மகத்தில் பிறந்தேன் என்று சொல்லிக்கொள்வோரில், அந்த விண்மீனை வானத்தில் சுட்டிக் காட்டக்கூடியவர் எத்தனை பேர்? ஏட்டில் தேடுகிறோமே தவிர, நிமிர்ந்து பார்க்க மறந்துவிட்டோம்.

சரி, நீளம் கிடைத்துவிட்டது. வடிவம் கிடைத்துவிட்டதா? அதுதான் இல்லை.

திருவரங்கத்துச் சித்திரைத் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்புறத்து மச்சு வீட்டில் கீழே ஒன்று, நடுவே ஒன்று, மேலே ஒன்றாக மூன்று விளக்குகள் எரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். தேர் அசைந்து அசைந்து கடக்கிறது. கீழ் விளக்கை அடித்தட்டு மறைக்கிறது. நடு விளக்கைச் சீலைகள் விரிந்த அகன்ற பகுதி நெடுநேரம் மறைக்கிறது. மேல் விளக்கைக் கூம்பிய உச்சி ஒரு கணமே மறைத்து விலகுகிறது. மூன்று நேரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடு கிழித்துப் பார்த்தால் தேரின் வடிவம் தெரிந்துவிடும். ஒரே விளக்கை மட்டும் பார்த்திருந்தால், கடந்து போனது தேரா, வைக்கோல் வண்டியா என்றுகூடச் சொல்ல இயலாது!

கோளுக்கும் அதே நீதிதான். நிழல் ஓடும் வழியில் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆட்கள் நின்று பார்க்க வேண்டும். ஒருவருக்கு நிழலின் நடுப்பகுதி கிட்டும். ஒருவருக்கு ஓரம் கிட்டும். ஒருவருக்கு ஒன்றுமே கிட்டாது. "எனக்கு விண்மீன் மறையவில்லை" என்று அவர் சொல்வதும் சான்றுதான், நிழலின் எல்லை அவ்வூருக்கு இப்பால் முடிந்தது என்பதற்கு. கோள் உருண்டை என்று தெரிந்தால் இரு இடத்துக் கணக்கு போதும். தட்டையா, நீளமா, கோணலா என்று அறியவோ மூன்றும் வேண்டும், அதற்கு மேலும் வேண்டும். எத்துணைப் பெரிய அறிஞனாயினும், தனியொருவன் கண்ணால் ஒரு கோளின் வடிவம் கிட்டாது. பலர் கூடினாலன்றி உண்மை முழுமை பெறாது.

வடிவத்தை அறிந்து ஆவதென்ன? ஆவது உண்டு. சுழலும் பொருள் நடுவில் பருக்கும், துருவங்களில் தட்டையாகும். எவ்வளவு தட்டை என்று தெரிந்தால், அதன் ஈர்ப்பையும் சேர்த்துப் பார்த்து, உள்ளே பாறையா, பனியா, வாயுவா, எடை நடுவில் எப்படிக் குவிந்திருக்கிறது என்றெல்லாம் கணிக்கலாம். நம் பூமியே அப்படித்தான். நடுக்கோட்டு ஆரத்தைவிடத் துருவ ஆரம் 21 கிலோமீட்டர் குறைவு. பூமியின் உருவை அறியப் பட்ட பாடு என்ன தெரியுமா? 1802-ல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கினார் லாம்டன். தமிழகத்துக் குன்றுகளிலும் கோபுரங்களிலும் கோணமானியைத் தூக்கி ஏற்றினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது அந்தப் பெருங்கருவி மோதிச் சேதமுற்றது. பாதுகாக்கப் போட்ட கட்டையும் கயிறும் பயன் தரவில்லை. அவர் செப்பனிட்டு மீண்டும் நடந்தார். நாம் நிற்கும் பூமியை அளக்க ஆண்டுக்கணக்கில் சங்கிலி இழுத்தார்கள். நாம் நிற்கவே முடியாத கோளை அளக்கச் சில நிமிட இருட்டு போதும். ஆனால் அந்த நிமிடத்தில் நாம் அங்கே இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

அங்கே இருந்தார்கள் நம்மவர்கள். எங்கே? திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில்.

சென்னையில் பிறந்த வானியல் அறிஞர் வைணு பாப்பு, நல்ல இருட்டும் தெளிந்த வானமும் தேடி அலைந்து கண்ட இடம் அது. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே பணி தொடங்கிற்று. 1972-ல் ஜெர்மனியின் ஜீஸ் நிறுவனத்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. வந்த சூட்டோடு வாய்ப்பும் வந்தது. அவ்வாண்டு ஜூன் 7-ஆம் நாள், வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. அந்த நிழலைப் பிடித்த இடங்கள் இரண்டு. ஒன்று ஜாவாத் தீவின் லெம்பாங். மற்றொன்று நம் காவலூர்!

இரண்டு ஊர்க் கணக்கையும் சேர்த்தார்கள். கனிமீடின் விட்டம் ஏறத்தாழ 5,270 கிலோமீட்டர் என்று வந்தது. துணைக்கோளென்று பெயர்தான், 4,879 கிலோமீட்டர் விட்டமுள்ள புதன் கோளையே விஞ்சும் உருவம். பின்னர் விண்கலங்கள் அருகில் சென்று பார்த்தன. இன்று ஏற்கப்பட்டிருக்கும் அளவு ஏறத்தாழ 5,268 கிலோமீட்டர். பிழைக்கு இடம் விட்டே அறிஞர்கள் அன்று எண்ணைச் சொன்னார்கள். எனினும் மலை மேல் நின்று நிழலைப் பிடித்தவர்களின் எண்ணுக்கும், அருகே போய்ப் பார்த்த எண்ணுக்கும் எவ்வளவு நெருக்கம்!

அவர்கள் சொன்ன மற்றொன்று அப்படியே நிலைக்கவில்லை. விண்மீன் சட்டென்று அணையாமல் சற்றே மங்கி மறைந்ததால், கனிமீடுக்குக் காற்று உண்டு என்றார்கள். 1979-ல் வாயேஜர் கலம் அருகிலிருந்து மற்றொரு விண்மீன் மறைவைப் பார்த்தது. அவர்கள் சொன்ன அளவுக்குக் காற்று இல்லை என்று தெரிந்தது. 1990-களில் ஹபிள் தொலைநோக்கி, மிக மிக மெல்லிய ஆக்சிஜன் உறை இருப்பதைக் காட்டியது. உண்டு, ஆனால் சொன்ன அளவு இல்லை. இதைச் சொல்ல நாம் நாணவேண்டுமா? வேண்டியதில்லை. திருத்தப்படும் துணிவோடு சொல்வதுதான் அறிவியல்.

ஐந்தாண்டு கழிந்தது. 1977 மார்ச் 10. இம்முறை யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. யுரேனஸின் விட்டத்தை அளக்கலாம், அதன் காற்றை அறியலாம் என்பதே உலகெங்கும் எதிர்பார்ப்பு. அமெரிக்க அறிஞர் எலியட்டும் குழுவினரும் தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேல் பறந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் காத்திருந்தார்கள். காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியருகே பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் விழித்திருந்தார்கள்.

கோள் விண்மீனை நெருங்கும் முன்பே, எவரும் எதிர்பாராத வேளையில், விண்மீன் கண் சிமிட்டியது! கூட்ஸ் வண்டியின் இன்ஜின் வருமுன்னே விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தால் என்ன நினைப்போம்? நடுவே வேறெதுவோ கடந்தது என்போம். காவலூர்க்காரர்களும் அப்படியே எண்ணினார்கள். யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று உண்டு போலும் என்று உலகுக்கு அறிவித்தார்கள். விமானத்தில் இருந்தவர்களுக்கோ பல சிமிட்டல்கள் கிடைத்தன. கோளுக்கு முன்னே ஐந்து, பின்னேயும் அவற்றுக்கு இணையாக ஐந்து. இருபுறமும் ஒரே தொலைவில் துணைக்கோள்கள் வரிசை வகுத்து நிற்குமா? நிற்காது. அவை வளையங்கள்! சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகம் கொண்டிருந்த எண்ணம் அன்றோடு மாறிற்று. காவலூர் கண்டதும் அவ்வளையங்களுள் ஒன்றையே.

காவலூர் ஏடு தனியே நின்றிருந்தால் அது துணைக்கோள். விமானத்து ஏட்டோடும் பெர்த் ஏட்டோடும் சேர்ந்தபோது அது வளையம். தேரின் கதை நினைவுக்கு வருகிறதல்லவா? ஒரு விளக்கைப் பார்த்தவன் சொன்னது பொய்யல்ல, முழுமையல்ல, அவ்வளவுதான். அதன்பின் நிகழ்ந்த மறைப்புகளையும் கூட்டி, யுரேனஸ் நூற்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் தட்டையானது என்று கணித்தார்கள். 1986 ஜனவரியில் வாயேஜர் 2 அங்கே சென்றது. நடுக்கோட்டு ஆரம் 25,559 கிலோமீட்டர், துருவ ஆரம் 24,973 கிலோமீட்டர். நூற்றில் இரண்டுக்குச் சற்று மேல்! நிழல் சொன்ன கணக்கு தப்பவில்லை.

பழங்கதை பேசுவதற்காக இதை எழுதவில்லை. இக்கலை இன்று முன்னிலும் வலுப்பெற்றிருக்கிறது. கையா என்ற விண்கலம் விண்மீன்களின் இடத்தை நுட்பமாகக் குறித்துத் தந்திருப்பதால், எந்த நிழல் எந்நாளில் எவ்வூரைக் கடக்கும் என்று முன்னதாகவே சொல்ல முடிகிறது. 2017-ல் நடந்ததைக் கேளுங்கள். சூரியனிலிருந்து ஏறத்தாழ 650 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் அரோகோத் என்று இன்று வழங்கும் ஒரு சிறு பொருள். அதன் நீளமே 35 கிலோமீட்டர்தான். எந்தத் தொலைநோக்கியிலும் அது புள்ளிக்கு மேல் தெரியாது. ஜூலை 17-ல் அதன் நிழல் தென் அமெரிக்காவில், அர்ஜென்டினாவின் படகோனியா வழியே ஓட இருந்தது. கையில் கொண்டுபோகக்கூடிய சிறு தொலைநோக்கிகள் இருபதுக்கும் மேற்பட்டவற்றை வேலிக்கால் நட்டதுபோல் வரிசையாக நிறுத்தினார்கள். ஐந்துக்கு நிழல் கிட்டியது. ஐந்து கோடுகளையும் அடுக்கிப் பார்த்தால், அது ஓர் உருண்டையல்ல, இரண்டு உருண்டைகள் ஒட்டினாற்போன்ற வடிவம் என்று தோன்றிற்று. 2019 புத்தாண்டு நாளில் விண்கலம் ஒன்று அருகே சென்று படம் எடுத்தது. இரண்டு உருண்டைகள் ஒட்டிய வடிவமேதான்!

அந்த வெற்றியில் அறிஞர்களுக்கு மட்டுமா பங்கு? அவ்வூரார் என்ன செய்தார்கள் தெரியுமா? தெருவிளக்குகளை அணைத்தார்கள். வண்டிகளின் வெளிச்சம் படாதிருக்க நெடுஞ்சாலையை இரண்டு மணி நேரம் மூடினார்கள். காற்று தொலைநோக்கியை ஆட்டாமலிருக்க லாரிகளைக் கொண்டுவந்து மறிப்பாக நிறுத்தினார்கள். சில நொடி நிழலுக்காக ஓர் ஊரே இருட்டில் காத்திருந்தது!

நாம் என்ன செய்யப் போகிறோம்?

காவலூர் இன்றும் இருக்கிறது. வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே நிற்கிறது. ஆனால் மலையைச் சுற்றி ஊர்கள் வளர்கின்றன, விளக்குகள் பெருகுகின்றன. ஊர் வளர வேண்டாமென்று யார் சொல்வது? வெளிச்சம் ஏழைக்கு வேண்டாமென்று எந்த நெஞ்சமுள்ளவன் சொல்வான்? தெருவுக்குத்தான் வெளிச்சம் வேண்டும், வானத்துக்கு வேண்டாம் என்பதே நம் கோரிக்கை. விளக்குக்கு மேலே மூடியிட்டு ஒளியைக் கீழே திருப்பினால் தெருவும் துலங்கும், மின்சாரமும் மிச்சம், வானமும் பிழைக்கும். லடாக்கின் ஹான்லேயில் 2022-ல் இருண்ட வானத்துக்குக் காப்பகம் அறிவித்தார்கள். அங்கே ஆவது இங்கே ஆகாதா? பெயரிலேயே காவலைக் கொண்டது காவலூர். அந்தக் காவலூரைக் காவல் செய்ய வேண்டியவர் யார்? அரசு, அருகிலுள்ள ஊராட்சிகள், நாம்.

இரண்டாவது கோரிக்கை பள்ளிகளுக்கானது. நிழல் பெரிய வானாய்வகத்தைத் தேடி வருவதில்லை. அது விழும் இடத்தில் விழுகிறது. ஜவ்வாது மலையை விட்டுவிட்டு ஜீயபுரத்தின் மேல் விழலாம், முசிறியின் மேல் விழலாம். 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பெயர்த்துக்கொண்டு ஓட முடியுமா? அங்கே பயன்படுவது ஒரு சிறு தொலைநோக்கியும், நொடி தப்பாத கடிகாரமும், விழித்திருக்கும் ஒரு பிள்ளையுமே. ஏனெனில் அவன் பார்க்க வேண்டியது மங்கலான கோளையல்ல, ஒளியுள்ள விண்மீனை. மாவட்டத்துக்குச் சில அரசுப் பள்ளிகளுக்கேனும் தொலைநோக்கி கொடுங்கள். திருச்சியிலுள்ள அண்ணா அறிவியல் மையம் போன்றவற்றில் ஆசிரியர்களைப் பழக்குங்கள். அள்ளிக் கொட்ட வேண்டிய செலவன்று இது.

வண்டி போன பிறகும் அந்த மாணவன் மேடையில் நின்றுகொண்டிருந்தான். அப்பால் இருந்த விளக்கைவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, அந்த நிழல் நம்ம ஊரு மேல எப்போ வரும்?" என்று கேட்டான்.

வரும் நாளைக் கணக்கிட்டுச் சொல்ல அறிஞர்கள் உண்டு. வரும்போது அவன் கையில் தொலைநோக்கி இருக்குமா, அவன் தலைக்கு மேல் இருட்டு மிஞ்சியிருக்குமா என்பதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்.